கஞ்சா மகால்

மகால் என்றதும் தாஜ்மகாலையோ திருமலை நாயக்கர் மகாலையோ நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் சொல்லப்போகும் மகாலுக்குத் தூணும் கிடையாது; விதானமும் கிடையாது. வங்காளத்து வரிக் கணக்கர்களின் பாஷையில் மகால் என்றால் சர்க்காருக்கு வருமானம் தரும் ஒரு நிலப்பரப்பு. ராஜ்ஷாஹி, தினாஜ்பூர், போக்ரா என்ற மூன்று ஜில்லாக்களும் ஒன்றையொன்று தொடும் மூலையில், நவ்காவ் என்ற ஊரைச் சுற்றி, அப்படி ஒரு நிலப்பரப்பு இருந்தது. அதற்குச் சர்க்கார் காகிதங்களிலேயே 'கஞ்சா மகால்' என்று பெயர். இன்று அந்த இடம் பங்களாதேஷில் இருக்கிறது.

நான் அதற்குள் நுழைந்தது தற்செயலாகத்தான். ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். கதை நடக்கிற காலம் 1890-களில். அதில் ஒரு பைத்தியக்கார ஆஸ்பத்திரி வரவேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் அங்கே ஒருவனைக் கொண்டுவந்தால் என்ன கேட்பார்கள், யார் எழுதிக்கொள்வார்கள் என்பதெல்லாம் தெரியாமல் பேனா நகர மறுத்தது. தேடிக்கொண்டு போனபோது அகப்பட்டது, இந்தியக் கஞ்சா விசாரணைக் கமிஷன் 1894-ஆம் வருஷம் கொடுத்த அறிக்கை. ஏழு பாகம், மூவாயிரம் பக்கத்துக்கு மேல். ஒரு மத்தியானம் புரட்டிவிட்டு எழுந்துவிடலாம் என்று உட்கார்ந்தவன் மூன்று மாதம் அதிலேயே கிடந்தேன். நாவல் நின்றுபோயிற்று. பத்திரிகை ஆசிரியர் என்மேல் கோபித்துக்கொண்டது தனிக் கதை.

இன்றைக்குக் கனடாவிலும் ஜெர்மனியிலும் கஞ்சாவைச் சட்டப்படி விற்கலாமா, எத்தனை கடை திறக்கலாம், எவ்வளவு வரி போடலாம், ஒரு மனிதன் கையில் எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்று பெரிய பெரிய நிபுணர்கள் விவாதிக்கிறார்கள். புதிய பிரச்னை, புதிய தொழில் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. அவர்கள் கேட்கிற கேள்விகளில் முக்கால்வாசிக் கேள்விகள் இந்த ஏழு பாகத்தில் ஏற்கெனவே கேட்கப்பட்டிருக்கின்றன. பதிலும் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பதிலின்படி ஒரு தேசம் தொண்ணூறு வருஷம் போல நடந்தும் பார்த்துவிட்டது.

கும்பினியார் வங்காளத்தில் கஞ்சாவுக்கு முதலில் வரி போட்டது 1793-இல். அப்போது விற்கிறவனுக்குத் தினசரி இவ்வளவு என்று வரி. அவன் ஒரு சேர் விற்றாலும் அதுதான், ஒன்பது சேர் விற்றாலும் அதுதான். ஆகையால் எவ்வளவு அதிகம் விற்கிறானோ அவ்வளவு அவனுக்கு லாபம். இதிலுள்ள கோளாறு சர்க்காருக்கு உறைக்க அரை நூற்றாண்டு பிடித்தது. அதற்கப்புறம்தான் எடைக்கு இவ்வளவு வரி என்று ஏற்பட்டது. எடைக்கு வரி என்றால் எடை போடவேண்டும். எடை போட வேண்டுமானால் சரக்கு எங்கே விளைகிறது, எங்கே போகிறது என்று தெரியவேண்டும். நாடு முழுவதும் கொல்லைக்குக் கொல்லை முளைத்தால் எந்த உத்தியோகஸ்தன் எண்ண முடியும்? ஆகவே, நவ்காவைச் சுற்றியுள்ள பகுதியில் மட்டும், லைசென்ஸ் வாங்கியவன் மட்டும் பயிரிடலாம் என்று வேலி போட்டார்கள். கஞ்சா மகால் என்பது உண்மையில் அந்த வேலிதான்.

வேலிக்குள்ளே நடந்த விவசாயத்தைப் பற்றி ஹேமசந்திர கேர் என்ற டிப்டி கலெக்டர் 1877-இல் ஓர் அறிக்கை எழுதியிருக்கிறார். கல்லூரியில் இரண்டு வருஷம் தாவர சாஸ்திரம் படித்த எனக்கு அங்கே தெரியாத விஷயம் இங்கே தெரிந்தது. கஞ்சாச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. போதைச் சத்தெல்லாம் பெண் செடியின் பூங்கொத்தில் கசியும் பிசினில்தான். ஆனால் ஆண் செடியின் மகரந்தம் பட்டு விதை பிடித்துவிட்டால் பிசின் குறைந்து சரக்கு கெட்டுப்போகும். ஆகவே பூக்குமுன்பே ஆண் செடிகளையெல்லாம் பிடுங்கி எறிய வேண்டும். எது ஆண், எது பெண் என்று இளம் செடியிலேயே கண்டுபிடிப்பது சாமானியமில்லை. அதற்கென்றே பரம்பரையாகத் தேர்ந்தவர்கள் இருந்தார்கள். பொத்தார் என்று அவர்களுக்குப் பெயர். வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் 'கஞ்சா டாக்டர்' என்றே எழுதினார்கள். பொத்தார் வயலில் வரிசை வரிசையாக நடந்துபோவார். இலைக்கணுவைப் பார்ப்பார், செடியை ஒடித்துச் சாய்ப்பார். பின்னாலேயே வருகிற குடியானவன் அதைப் பிடுங்குவான். பொத்தாரின் கண்ணுக்கு ஒரே ஓர் ஆண் செடி தப்பினால் அந்த வயல் மட்டுமல்ல, பக்கத்து வயலும் போச்சு. ஊர்க் கல்யாணங்களில் தரகரைக்கூட இவ்வளவு நம்பியிருக்க மாட்டார்கள்.

அறுவடையான பிறகு, அதைத் திறந்த களத்தில் போட்டுக் காலால் மிதித்துத் தட்டையாக்குவார்கள். பிறகு மூட்டை கட்டி நவ்காவிலுள்ள கிட்டங்கிக்குக் கொண்டுபோவார்கள். சாவி சர்க்கார் கையில். வெளிமாவட்டத்து மொத்த வியாபாரி அனுமதிச் சீட்டைக் காட்டி, வரியையும் கட்டினால்தான் மூட்டை வெளியே வரும்.

இப்படிச் சர்க்கார் ஒரு போதை வஸ்துவைக் காவல்போட்டு வளர்த்துக் காசு பார்க்கிறதே என்று லண்டனில் சிலருக்கு மனம் பொறுக்கவில்லை. 1893 மார்ச்சில் டபிள்யூ. எஸ். கெய்ன் என்ற பார்லிமெண்ட் அங்கத்தினர் கேள்வி கேட்டார். கெய்ன் தீவிர மதுவிலக்குக்காரர். அபினிக்கு அதே வருஷம் ஒரு ராயல் கமிஷன் போட்டார்கள். கஞ்சாவுக்கு இந்திய சர்க்காரே ஒரு கமிஷன் போட்டது. தலைவர் மாக்வொர்த் யங். மற்றும் மூன்று வெள்ளைக்காரர்கள், மூன்று இந்தியர்கள். ஊர் ஊராகப் போய் 1,193 பேரிடம் சாட்சியம் வாங்கினார்கள். கலெக்டர், டாக்டர், பாதிரியார், வைத்தியர், மிராசுதார், கஞ்சாக் கடைக்காரர் என்று ஒருவரையும் விடவில்லை.

கமிஷன் கேட்ட கேள்விகளில் முக்கியமானது, கஞ்சா குடித்தால் பைத்தியம் பிடிக்குமா என்பது. பிடிக்கும் என்பதில் அன்றைக்குப் படித்தவர்கள் யாருக்கும் சந்தேகமே கிடையாது. பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளின் புள்ளிவிவரமே அத்தாட்சி. வருஷா வருஷம் எத்தனையோ பேருக்குக் காரணம் 'கஞ்சா' என்று பதிவாகியிருந்தது. கமிஷன் ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தது. புள்ளிவிவரத்தைப் பார்ப்பதோடு நிற்காமல், அந்தப் புள்ளியை வைத்தது யார் என்று கேட்டது.

விடை வேடிக்கையாக இருந்தது. கொஞ்சம் பயங்கரமாகவும் இருந்தது. தெருவில் திரிகிற ஒருவனைப் போலீஸ்காரர் பிடித்துவருகிறார். மாஜிஸ்டிரேட்டுக்கு ஒரு நமூனா நிரப்ப வேண்டும். அதில் 'பைத்தியத்துக்குக் காரணம்' என்று ஒரு கட்டம். அதைக் காலியாக விட்டால் மேலே இருந்து கேள்வி வரும். போலீஸ்காரருக்கு அவன் பேரே தெரியாது. காரணம் எப்படித் தெரியும்? கஞ்சா குடிப்பானா என்று யாரையோ கேட்கிறார். குடிப்பான் என்று எவனோ சொல்கிறான். கட்டம் நிரம்பிவிடுகிறது. நமூனா ஆஸ்பத்திரிக்குப் போகிறது. டாக்டர் அதைப் பார்த்துப் பேரேட்டில் எழுதிக்கொள்கிறார். பேரேட்டிலிருந்து வருஷாந்தர அறிக்கைக்குப் போகிறது. அறிக்கையிலிருந்து பார்லிமெண்டுக்குப் போகிறது. 1892-இல் கஞ்சாவால் பைத்தியமானவர்கள் என்று பதிவான 222 பேரின் கதையையும் கமிஷன் ஒவ்வொன்றாகத் திருப்பி விசாரித்தது. 98 பேரின் விஷயத்தில்தான் கஞ்சாவுக்குச் சம்பந்தம் உண்டென்று ஏற்றுக்கொள்ள முடிந்தது.

இந்த இடத்தைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். காரணம், எங்கள் வீட்டிலேயே ஒரு கட்டம் அப்படி நிரப்பப்பட்டிருந்தது.

என் தாத்தாவின் தம்பியை நான் பார்த்ததில்லை. கொல்லைப்புறத்து அறையில் பல வருஷம் இருந்து அங்கேயே காலமானவர். சின்னத் தாத்தாவைப் பற்றிக் குழந்தைகளுக்குச் சொல்லப்பட்டது ஒரே வரி: 'கஞ்சா குடித்து மூளை கெட்டுப்போயிற்று.' பையன்கள் சாயங்காலம் வீடு திரும்ப நேரமானால் அந்த வரி வெளியே வரும். எனக்கும் அதில் சந்தேகம் தோன்றியதே இல்லை. அறிக்கையைப் படித்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏம்மா, சின்னத் தாத்தா கஞ்சா குடித்ததை நீ பார்த்திருக்கிறாயா?"

அம்மா கொஞ்ச நேரம் கையை நிறுத்தினாள். "நான் இந்த வீட்டுக்கு வந்தப்புறம் பார்த்ததில்லை. எங்கள் மாமியாரும் பார்த்ததாகச் சொன்னதில்லை" என்றாள். பிறகு, "அவருக்கு ஒரே பிள்ளை. ஆற்றோடு போய்விட்டதாம். அதற்கப்புறம்தான் அப்படி ஆனாராம்" என்றாள்.

"பின்னே கஞ்சா என்று ஏன் சொன்னீர்கள்?"

"பெண் கொடுக்க வருகிறவர்கள் கேட்பார்களேடா. வம்சத்தில் பைத்தியம் என்று சொல்ல முடியுமா? கஞ்சா என்றால் அவரோடு போச்சு."

அம்மா மறுபடியும் கீரையை எடுத்துக்கொண்டாள்.

இதை வைத்துக்கொண்டு நான் கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். இளம் வயதிலேயே ஆரம்பித்து, வீரியமான சரக்கைத் தினமும் உபயோகிக்கிறவர்களுக்கு மனநோய் வரும் அபாயம் அதிகம் என்று இன்றைய வைத்தியர்கள் ஆராய்ந்து சொல்கிறார்கள். இன்று விற்கிற சரக்கின் வீரியமும் ரொம்பக் கடுமை. கமிஷனும் அளவுக்கு மீறினால் கெடுதல் என்றே சொல்லிற்று. மிதமாக உபயோகிப்பவர்கள்தான் மிகப் பெரும்பாலோர், அவர்களுக்குக் குறிப்பிடத்தக்க கெடுதல் இல்லை என்பதும் அதன் முடிவு.

அடியோடு தடை செய்யலாமா? வேண்டாம் என்றது கமிஷன். தடுத்தால் ஏழைகள் ஊமத்தைக்கும் சாராயத்துக்கும் போவார்கள் என்று பயந்தது. சாமியார்களையும் சிவபக்தர்களையும் பகைத்துக்கொள்ள வேண்டும் என்ற பயமும் இருந்தது. கிழக்கு வங்காளத்தில் திரிநாதர் பூஜை என்று ஒன்று உண்டு. கஞ்சா, எண்ணெய், வெற்றிலை பாக்கு இவைதான் அதற்கு நைவேத்தியம். அதைப் போலீஸ் வைத்துத் தடுப்பதா? வேண்டியது கட்டுப்பாடுதான்: போதிய வரி, ஓரிடத்தில் மட்டும் சாகுபடி, குறைந்த கடைகள், கைவசம் வைத்துக்கொள்ள ஒரு வரம்பு. வங்காளத்து முறையே மேல். மற்ற மாகாணங்களும் அதைப் பின்பற்றட்டும் என்றது. அதன்படி சென்னை மாகாணத்திலும் சாகுபடியைக் கிருஷ்ணா ஜில்லாப் பக்கமும் வட ஆற்காட்டு ஜவ்வாது மலையிலுமாகச் சுருக்கினார்கள்.

இரண்டு அங்கத்தினர்கள் இதற்கு உடன்படாமல் தனிக் குறிப்பு எழுதினார்கள். இருவரும் இந்தியர்கள். ஒருவர் முஸாபர்நகர் லாலா நிஹால் சந்த்; மற்றவர் தாஹிர்பூர் ராஜா சசிசேகரேசுவர ராய். தாஹிர்பூர் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். அதே ராஜ்ஷாஹி ஜில்லா! கஞ்சா வயலுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர் உடன்பட மறுத்தார். கடல் கடந்து வந்தவர்கள் உடன்பட்டார்கள். எந்தப் பக்கம் நியாயம் என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. ஆனால் நாவலாசிரியன் என்ற முறையில் என் மனம் அந்த ராஜாவையே சுற்றிவருகிறது.

வேலி போட்டதில் ஒருவரும் எதிர்பாராத விளைவு ஒன்று உண்டாயிற்று. குடியானவன் அந்தச் சரக்கை வேறெங்கும் கொண்டுபோய் விற்க முடியாது. லைசென்ஸ் உள்ள வியாபாரியும் தரகனும் வைத்ததே விலை. சர்க்காருக்கு வரி வந்தது, வியாபாரிக்கு லாபம் வந்தது, வெயிலில் மிதித்தவனுக்குக் கடன் வந்தது. இதற்குப் பரிகாரமாக 1917-இல் நவ்காவ் கஞ்சா விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. தரகர்கள் ஒதுங்கினார்கள். பல்லாயிரம் குடும்பங்களுக்கு நல்ல விலை கிடைத்தது. சங்கத்தின் லாபத்திலிருந்து பள்ளிக்கூடங்கள், இலவச வைத்தியசாலைகள், சாலைகள், மசூதி, கோயில் எல்லாம் எழுந்தன. வங்காளத்துக் கிராமம் ஒன்றில் ஒரு குழந்தை தன் அகரத்தைக் கஞ்சாக் காசில் கற்றுக்கொண்டது. இதை எந்தப் பேரேட்டில், வரவில் எழுதுவதா செலவில் எழுதுவதா?

1947-இல் தேசம் பிரிந்தபோது வயல் ஒரு பக்கமும் வாடிக்கைக்காரர்களில் பெரும்பகுதி மறுபக்கமும் ஆயினர். அப்படியும் சங்கம் தாக்குப்பிடித்தது. அதன் தலைவிதியை எழுதியது வேறு ஒரு காகிதம். 1961-இல் நியூயார்க்கில் உலக நாடுகள் கூடிப் போதைப் பொருள்கள் பற்றி ஓர் ஒப்பந்தம் செய்தன. மருந்துக்கும் ஆராய்ச்சிக்கும் தவிரக் கஞ்சாவின் மற்ற உபயோகமெல்லாம் ஒழிய வேண்டும். பழக்கமுள்ள நாடுகளுக்கு இருபத்தைந்து வருஷ அவகாசம். வெறும் இலையை மட்டும் இலக்கணத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். அந்தச் சந்தில்தான் வடநாட்டில் இன்றும் சர்க்கார் லைசென்ஸ் பெற்ற பாங்குக் கடைகள் நடக்கின்றன. அவகாசம் தீரும் தறுவாயில் இந்தியா 1985-இல் சட்டம் போட்டது. பங்களாதேஷ் 1987-இல் நவ்காவில் சாகுபடியை நிறுத்தியது. பிரிட்டிஷாரும் பாகிஸ்தானும் பங்களாதேஷும் காத்த வேலி ஓர் உத்தரவில் விழுந்தது.

ஒன்பது வருஷம் பொறுத்திருந்தால் வேடிக்கையைப் பார்த்திருக்கலாம். 1996-இல் கலிபோர்னியா வைத்தியத்துக்காகக் கஞ்சாவை அனுமதித்தது. 2013-இல் உருகுவே தேசம் முழுவதற்கும் சட்டம் செய்தது. கனடா 2018 அக்டோபர் 17-இலிருந்து கடை திறந்தது. ஜெர்மனி 2024 ஏப்ரலில் கொஞ்சம் கதவைத் திறந்தது. தாய்லாந்தோ 2022-இல் தாராளமாகத் திறந்து, ஊரெல்லாம் கடை முளைத்ததைப் பார்த்து, 2025-இல் டாக்டர் சீட்டு வேண்டும் என்று பாதிக் கதவைச் சாத்திவிட்டது. ஐக்கிய நாடுகளின் கமிஷனில் 2020 டிசம்பரில், மிகக் கொடிய போதை வகைகளின் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுக்க வாக்கெடுத்தார்கள்: 27-க்கு 25. எடுக்கலாம் என்று வோட்டுப் போட்ட நாடுகளில் இந்தியாவும் ஒன்று. உத்தரகண்ட் மாநிலம் 2018-இலேயே, போதைச் சத்து நூற்றுக்கு 0.3 பங்குக்கு மேல் போகாத நார்ச் செடிக்கு லைசென்ஸ் கொடுக்கத் தொடங்கியது.

இவற்றில் கனடாக் கதையை மட்டும் சொல்கிறேன். ஒண்டேரியோவில் ஸ்மித்ஸ் ஃபால்ஸ் என்று ஒரு சிறிய பட்டணம். அங்கே ஹெர்ஷே கம்பெனியின் சாக்லெட் ஆலை இருந்தது. 2008-இல் அதை மூடிவிட்டார்கள், ஊரே அழுதது. 2014-இல் அதே கட்டடத்தில் ஒரு கஞ்சாக் கம்பெனி வந்து இறங்கியது. பிற்பாடு கெனபி குரோத் என்று பெயர் பெற்று உலகத்திலேயே பெரிய கம்பெனிகளில் ஒன்றாயிற்று. பங்கு மார்க்கெட்டில் விலை ஆகாயத்துக்குப் போயிற்று. கடை திறந்த பிறகு பார்த்தால், எல்லோரும் விளைவித்துக் குவித்ததில் சரக்கு மலிந்துவிட்டது. கிராமுக்கு ஒரு டாலர் என்று சர்க்கார் விதித்த வரி, விலை உயர்வாக இருந்தபோது உறுத்தவில்லை. விலை சரிந்தபோது கழுத்தைப் பிடித்தது. லைசென்ஸ் இல்லாத கள்ளச் சரக்குக்கு அந்த வரியும் இல்லை. 2023-இல் அந்த ஆலையை மூடினார்கள். வாங்கியது யார் தெரியுமா? ஹெர்ஷே கம்பெனி!

எடைக்கு வரி என்பது நவ்காவ் கண்டுபிடித்ததுதான். ஆனால் நவ்காவில் விளம்பரப் பலகை கிடையாது. அதிக வரி, குறைந்த உபயோகம் என்பதுதான் அன்றைய எக்சைஸ் இலாகாவின் மந்திரம். மந்திரத்தின் முதல் பாதியை உரக்கவும் இரண்டாம் பாதியை மெதுவாகவும் ஜபித்தார்கள் என்பது வேறு விஷயம், இருந்தாலும் ஜபித்தார்கள். பங்கு மார்க்கெட்டில் ஏறிய கம்பெனியால் அந்த இரண்டாம் பாதியைச் சொல்லவே முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை விற்பனை கூடியிருக்கிறதா என்று பங்குதாரர் கேட்பார். தடைச் சட்டத்தைவிட எனக்கு அந்தக் கேள்விதான் அதிகப் பயமாக இருக்கிறது. தடை வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஒரு சிட்டிகைக்காக ரிக்ஷாக்காரனைச் சிறையில் போடுவதில் யாருக்கு லாபம் என்று எனக்குத் தெரியவில்லை. லைசென்ஸைக் கையாலே உழுகிறவனுக்கும் அவன் சங்கத்துக்கும் கொடுத்து, விளம்பரத்தை அறவே நிறுத்திவைக்கிற நாடு ஏதாவது உண்டானால், அதன் அறிக்கையைப் படிக்க இன்னும் மூன்று மாதம் செலவழிக்கத் தயார்.

நவ்காவில் சங்கம் இன்னும் இருக்கிறது என்கிறார்கள். கட்டடங்கள், குளங்கள், நிலங்கள் எல்லாம் அதன் பேரில் இருக்கின்றன, பயிர்தான் இல்லை. எனக்கு அந்தப் பொத்தார்களைப் பற்றித்தான் யோசனை. கனடாக் கண்ணாடி வீடுகளில் விதை போடுவதே அபூர்வம். பெண் செடியின் கிளையை வெட்டி நட்டு விடுகிறார்கள். ஆண் செடி முளைக்க வழியே இல்லை. இலைக்கணுவைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த அந்தக் கண்ணுக்கு இனி எங்கும் வேலை கிடையாது. அந்த வம்சத்துக் கிழவர் யாராவது இருந்தால், நெல் வயலின் வரப்பில் போகும்போது, ஓரத்தில் தானாக முளைத்த ஒரு செடியைக் கண்டு குனிந்து பார்ப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.